வகுத்துப் பார்க்காத எண்

எனக்கு எண்களே நினைவில் தங்குவதில்லை. சற்றுமுன் என் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டீர்கள், நான் தலையைச் சொறிந்தேன், நீங்கள் சிரித்துவிட்டீர்கள். கணக்குப் பேராசிரியருக்கே இந்தக் கதியா என்று எல்லோரும் சிரிப்பார்கள்தான்.

ஆனால் அந்த ஒரு எண் வேறு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் இலக்கங்கள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். நல்லவேளையாக இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. இரட்டைப்படையாக இருந்திருந்தால் பதினொன்று வந்து அதை மீதியில்லாமல் வகுத்திருக்கும். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதுவும் வகுக்காத பகா எண் அது என்று நிரூபித்தவன் நான். அதை என் பெயரால்தான் அழைக்கிறார்கள். எனக்குக் குழந்தை இல்லை என்று நான் வருந்தியதே கிடையாது.

என் மனைவியின் தம்பி எங்கள் துறையிலேயே வேலை பார்த்தான். தங்கமான பையன். என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு. அன்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபின் என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க எண்ணை வகுக்கிற ஒண்ணு சிக்கிடுச்சு.”

“விளையாடாத மாப்ள.”

“இதுல போய் விளையாடுவேனா? பத்தொன்பது இலக்கம்தான். நீங்களே கணினியில வகுத்துப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. அக்காகிட்டகூட மூச்சு விடல. நாளைக்குக் கூட்டத்துல நீங்களே எந்திரிச்சுச் சொல்லிட்டா கௌரவமா முடிஞ்சிடும்.”

சொல்லிக்கொண்டே அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினான். ஒரு நிமிட வேலைதான், பொய் சொல்லவில்லை. வகுக்கும் எண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் மலையைப் புரட்டுகிற காரியம். கிடைத்துவிட்டால் சரிபார்ப்பது பெரிய விஷயமே இல்லை. மீதி வந்தால் அவன் தப்பு, வராவிட்டால் நான் தப்பு. நான் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

“பெரிய கணினியில இன்னொரு தடவை ஓட்டிப் பாரு. எனக்காக.”

“சரி மாமா” என்று உடனே கிளம்பினான்.

அந்தப் பெரிய கணினி இருக்கும் அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றமாட்டார்கள், வாயுவைத் திறந்துவிடுவார்கள். ஆள் உள்ளே இருந்தால் மூச்சு நின்றுவிடும் என்று கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. அவன் உள்ளே போனதும் வெளியே தாழிட்டேன். வாயுவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். கதவு மாட்டிக்கொண்டது என்று கண்ணாடி வழியே எனக்குக் கை காட்டினான். பிறகு இரண்டு கைகளாலும் தட்டினான். தாழிட்டது நான்தான் என்று அவனுக்குக் கடைசிவரை தோன்றியிருக்காது. அவன் மனம் நோகவில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

“சார், ஒரு தடவை வகுத்துப் பாத்திருந்தா ஒரு உயிர் மிஞ்சியிருக்குமே?” என்று வாக்குமூலம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். கொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அவன் எழுதியது இன்னும் பலகையில்தான் இருக்கிறது. யாரையாவது விட்டு வகுக்கச் சொல்லுங்கள். மீதி வந்தால், அவன் கணக்கில் பிசகு, பையன் அநியாயமாகச் செத்தான் என்று ஆகும். அப்படி ஆகவேண்டும் என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். மீதி வந்ததும் முதலில் என் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தம்பியைப் பறிகொடுத்தவள், அவளுக்கும் மனசு லேசாகும்.