ரப்பர் செருப்புக்கும் வைரஸுக்கும் அனுமதி இல்லை

என் பெயர் லெஸ்லி ட்ரெஸ்காட், வயது 59, தகப்பனார் பெயர் ஹெக்டர். நியூ சவுத் வேல்ஸ், கூரபின் ஊர், வார்ஃப் தெரு, நான்காம் எண் வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். மேற்படி ஊரில் உள்ள புல்வெளிப் பந்துருட்டு கிளப்பின் வாசலில் உட்கார்ந்து, வெளியாட்களிடம் கையெழுத்து வாங்குவதும், ரப்பர் செருப்புடன் வருவோரைத் திருப்பி அனுப்புவதும் என் வேலை. அதை நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பவத்தன்று வெள்ளிக்கிழமை மாலை, இறைச்சி அடுக்கிய தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்காகக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நான் மேசைக்குக் கீழே ஒரு சின்ன மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அதில் வெள்ளைத் தூளும், நான் ஊசியால் சேர்த்த தண்ணீரும் இருந்தன. தூள் கரைய வெகுநேரம் பிடிக்கும், குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் உருட்டத்தான் வேண்டும். அச்சமயம் கெவ் என்கிற கெவின் மாஃபட் ரப்பர் செருப்புடன் வந்தார். நான் மறுத்தேன். அவர் எட்டிப் பார்த்து ஊசியைக் கண்டு, வெளியே போய் போலீசுக்கு ஃபோன் செய்து, உள்ளே வருகிறவர்களுக்கு வாசல்காரன் மயக்க ஊசி போடுகிறான் என்று புகார் கொடுத்ததாகப் பின்னர் அறிந்தேன்.

அதன்பின் கான்ஸ்டபிள் பெட்ரூ வந்து, குப்பியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பதற்றத்தில் டாக்டர் சொன்ன பெயரையே சொன்னேன்.

"நுழைவுத் தடுப்பு மருந்துங்க."

"யாரோட நுழைவை?"

பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. முன்பு இருந்த ஊரில் விஷயம் தெரிந்ததும், நான் டீ குடித்த கோப்பையை ஒருவர் என் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார். அதனால் கூரபினில் யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. மேற்படி கான்ஸ்டபிள் என் மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டு, குப்பியைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்து நன்றாகக் குலுக்கினார். நுரை பொங்கியது. அதன்பின் அதைத் தடயப் பையில் போடப் போனார்.

அது அன்று மாலை நான் போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து. பழைய மாத்திரைகள் பல கைவிட்ட பிறகு வந்தது. வேளை தவறினால் வைரஸ் இதற்கும் பழகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே சீட்டு வாங்க நின்ற அனைவர் முன்னிலையிலும் சொன்னேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அந்த வைரஸ் ரத்த செல்லுக்குள்ள பூரப் பாக்கும். இந்த மருந்து வாசல்ல நின்னுக்கிட்டு விடாது. நான் பாக்குற வேலைதான். உள்ள பூந்துட்டா அப்புறம் கிளப்பவே முடியாது, நம்ம கெவ் மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் கிளப் செயலாளர் திருமதி பெரில், வயது 74, கான்ஸ்டபிள் கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, இந்த கிளப்புல எதையும் உருட்டணும். குலுக்குறது சீட்டை மட்டும்தான்."

இத்தனை வருஷமாகத் தன் கேக்கைத் தின்றுவிட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். கோப்பை விஷயத்தைச் சொன்னேன். அவர், தான் பாதி குடித்திருந்த டீயை என் கையில் கொடுத்துவிட்டு, குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

நுரை அடங்கும்வரை உறுப்பினர்கள் குப்பியைச் சுற்றி நின்று, தெளிந்ததா இல்லையா என்று, ஆட்டக் கடைசியில் எந்தப் பந்து குறிப்பந்துக்குக் கிட்டே கிடக்கிறது என்று சண்டை போடுவது போலவே சண்டை போட்டார்கள். ஒருவர் அளவு நாடாவே எடுத்து வந்தார். தெளிந்தபின் நான் சாமான் அறைக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். அதுவரை திருமதி பெரில் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது கெவ் ரப்பர் செருப்புடன் உள்ளே இருந்தார். இறைச்சித் தட்டும் அவருக்கே விழுந்திருந்தது.

தான் குப்பியைக் குலுக்கிய விவரத்தை எடுத்துவிடலாமா என்று இதை எழுதுகிற கான்ஸ்டபிள் பெட்ரூ கேட்டார், நான் சம்மதிக்கவில்லை. இதில் உள்ளதெல்லாம் நடந்தபடியே நான் சொன்னது, வாசித்துக் காட்டக் கேட்டு ஒப்புக்கொள்கிறேன். என் உடம்பிலும் சரி, கிளப்பிலும் சரி, நான் வாசலில் இருந்தவரை அனுமதி இல்லாத யாரும் உள்ளே நுழையவில்லை.

(ஒப்பம்) லெ. ட்ரெஸ்காட்