நாளைக்குள்ள தோள் சரியாகணும்

பின்னே என்ன அம்பி! அனுஷா, அனுஷான்னு எல்லாரும் தலைமேல தூக்கி வெச்சிண்டு ஆடறாளே, என் தோளைப் பாத்தியா? இதோ... இவ்வளவுதான் தூக்க முடியறது. காபி டம்ளரை எடுத்தாலே உயிர் போறது. பிசியோதெரபியாம்! வேணும் எனக்கு!

நீ உக்காரு, உக்காரு. அவ உள்ள ஒரு முட்டுவலிக்காரரைப் பாத்துண்டிருக்கா. இப்போதைக்குக் கூப்பிடமாட்டா. உனக்குக் கழக்கூட்டம் ஐ.டி. கம்பெனியில வேலையா? கழுத்துல அட்டை தொங்கறதே, அதான் கேட்டேன். கழுத்துவலிதானே? எப்படித் தெரியும்னா... வந்ததுலேர்ந்து பாக்கறேன், மொபைலை மடியில வெச்சிண்டு தலையைத் தொங்கப் போட்டிண்டிருக்கே. இந்தக் காலத்துல கல்யாணப் பொண்ணு கூட இப்படிக் குனியமாட்டா! மொபைலைக் கண்ணுக்கு நேரா தூக்கு. ஆங். தோளைக் காதுகிட்டேர்ந்து இறக்கு. தாடையைக் கொஞ்சம் உள்ள இழு... அவ்வளவு வேண்டாம், ரெட்டைத் தாடை தெரியறது! அனுஷாவும் இதையேதான் சொல்லப்போறா. நான் வெறுதே, காசு வாங்காம, முன்கூட்டியே சொல்லித் தரேன், கேட்டியா.

என் கதை வேற. எனக்கு ஷட்டில். சிரிக்காதே! புடவை கட்டிண்டு ஆடறேன்னா நினைச்சே? டிராக் பேண்ட் ஆக்கும். எங்க ஃபிளாட் அசோசியேஷன்ல டபுள்ஸ் போட்டி. நானும் என் நாட்டுப்பொண்ணு ஸ்நேகாவும் ஒரு டீம். நாளைக்குக் கார்த்தால ஃபைனல்!

இதென்ன பெரிய விஷயம்னு நீ நினைப்பே. என் பிள்ளை ஜெயந்துக்குக் கல்யாணமாகி அவ எங்காத்துக்கு வந்ததுலேர்ந்து நாங்க சண்டையே போட்டதில்லை. அதான் கஷ்டம்! சண்டை போடணும்னா பேசணுமே. 'குக்கர் வெக்கட்டுமா?' 'வெச்சுடுங்கோ.' அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. ஆனா கோர்ட்டுல நின்னா... 'அம்மா, பின்னாடி! அம்மா, விடுங்கோ, அவுட்டு! அம்மா, சூப்பர்!' தொண்டை கிழியக் கத்துவா. ஒருநாள், 'எங்க பாத்துண்டு நிக்கறேள்?'னு என்னைத் திட்டினா பாரு... அன்னிக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என்ன சொல்லிண்டிருந்தேன்? ஆங், தோள். செமிஃபைனல்ல ஒரு ஸ்மாஷ் அடிச்சேன், பிடிச்சிண்டுடுத்து. இங்க வந்தா அனுஷா சொல்றா, 'மாமி, கையை மட்டும் வீசறேள், இடுப்பு திரும்பறதே இல்லை. அதான் எல்லா பாரமும் தோள்ல விழறது'ன்னு. அப்புறம் ஆரம்பிச்சா பாரு. குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டணுமாம். கொஞ்சம் வேகமா ஆட்டினா போறும், 'பதுக்கே மாமி, பதுக்கே!'ன்னு மலையாளத்துல மெதுவாக்கச் சொல்லுவா. சுவத்துல விரலால நடந்து நடந்து மேல ஏறணுமாம். எங்காத்துப் பல்லி கூட என்னைப் பாத்துட்டு ஒதுங்கிப் போயிடுத்து! துவாலையை முதுகுக்குப் பின்னாடி பிடிச்சு இழுத்திண்டிருந்தா, எங்காத்துக்காரர் எட்டிப் பாத்து, 'முதுகு தேய்க்கறியா, சோப்பு வேணுமா?'ங்கறார். எல்லாம் பொறுத்திண்டேன்.

பொய் சொல்லப்படாது, சரியாயிடுத்து. செவ்வாய்க்கிழமை நானே தலை பின்னிண்டேன், இந்தக் கையாலதான். அனுஷாவும், 'ஃபைனல் ஆடலாம் மாமி. அதுவரைக்கும் கையைத் தலைக்கு மேல தூக்கி ஓங்கி மட்டும் வீசாதேங்கோ'ன்னா. நான் ஷட்டில் மட்டையைத் தொட்டேனா? அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டினேன் அம்பி! அப்படி இருந்தும் நேத்திக்கு மறுபடி பிடிச்சிண்டுடுத்து. அப்போ யார் தப்பு? நீயே சொல்லு. அவ வைத்தியம் சரியில்லைன்னுதானே?

நேத்திக்கா? நேத்திக்கு நான் ஒண்ணும் பண்ணலையே. சமைச்சேன். பழவங்காடிக் கோவிலுக்குப் போனேன். பிள்ளையாரைத் தொழுதேன். வந்தேன்.

பின்னே... தேங்காய் உடைச்சேன்.

என்ன அப்படிப் பாக்கறே? அது பிரார்த்தனைன்னா! தோள் சரியானா ஒரு சாக்குத் தேங்காய் உடைக்கறேன்னு நேந்துண்டிருந்தேன். சரியாயிடுத்தே, உடைக்க வேண்டாமா? பிள்ளையார்கிட்ட சொல்லிட்டு ஏமாத்தலாமா?

இடதுகையாலயா? நன்னாருக்கு! பிள்ளையாருக்கு யாராவது இடதுகையால உடைப்பாளா? தேங்காய்க்கடை ஆறுமுகசாமி கூட, 'நான் எறிஞ்சு தரேன் மாமி'ன்னார். 'வலிச்சது எனக்கு, எறியறது நீரா?'ன்னு கேட்டுட்டேன். அதுவும் சும்மா போட்டா ரெண்டாப் பிளந்து கிடக்கும், அது போறாது, சிதறணும். கையை நன்னாப் பின்னாடி கொண்டுபோயி, தலைக்கு மேல தூக்கி, ஓங்கி... ஐயோ! அம்மாடி...

...ஆமா. இப்படித்தான்.

ஆனா இடுப்பு நன்னாத் திரும்பித்து, கேட்டியா! அனுஷா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா.

சிரி, சிரி. கழுத்து பிடிச்சுக்கப்போறது. ஸ்நேகாகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா ரெண்டாம் மாடி அஜிதாவைச் சேத்துண்டு ஆடிடுவா. அஜிதா நன்னா வேற ஆடுவா, அதான் பயம். அப்புறம் மறுபடி 'குக்கர் வெக்கட்டுமா', 'வெச்சுடுங்கோ'... என்னால முடியாது அம்பி. தோத்தாலும் பரவாயில்லை, அவ பக்கத்துல நின்னு தோக்கணும்.

அதான் இன்னிக்குக் கார்த்தாலேயே திரும்ப நேந்துண்டுட்டேன். நாளைக்குள்ள தோள் சரியாயிடுத்துன்னா இன்னொரு சாக்கு! ஆனா இந்தத் தடவை நான் தனியா இல்லை. நானும் ஸ்நேகாவும் சேர்ந்து உடைக்கறதா வேண்டிண்டிருக்கேன். அவளுக்குச் சின்ன வயசு, தோள்ல வலியே கிடையாது, என்னை விட ஓங்கி எறிவா...

ஏன் எழுந்துட்டே? உன்னை இன்னும் கூப்பிடலையே! அம்பி, நில்லு! அனுஷாகிட்ட தேங்காயைப் பத்தி மட்டும்... அடடா! கோள் சொல்லப் போறப்போ கழுத்து எவ்வளவு நேரா நிக்கறது பாரு!