ரெண்டு வாச்சரும் ஒரு சங்கும்

இல்ல காக்கா, அந்தக் கதிரயில இருக்காதீங்க. அது என்ட கதிர, ஒரு கால் ஆடும். இங்கால வாங்க, இது ஜவுபர்ர. போன மாசந்தான் முதலாளி புதுசா எடுத்துக் குடுத்தாரு. எனக்கா? காலிதீன், உனக்கும் ஒண்டு வேணுமா எண்டு ஒரு வார்த்த கேக்கல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வாச்சர் வேலதான், ஒரே காக்கிச் சட்டதான். எட்டு வருஷமா இந்த மில்லு கேட்டுல நிக்கிறவன் நான். அவன் வந்து இன்னும் மூணு வருஷமாகல்ல. சரி அத விடுங்க. இருங்க.

வந்த விசயம் எனக்குத் தெரியும். மருதமுனை பதியுதீன் காக்கா தறிய நிப்பாட்டிப்போட்டு இந்த வெயிலுக்குள்ள மில்லுக்கு வாறாரெண்டா நெல்லுக் குத்தவா வாறாரு? மகள் நதீராக்கு ஜவுபரப் பேசி வந்திரிக்கு. கூட வேல செய்றவனுட்டக் கேட்டா உள்ளதச் சொல்லுவான் எண்டு வந்திரிக்கீங்க. கேக்கத்தான் வேணும் காக்கா. மாப்புள எண்டா ஒரு நாள் ரெண்டு நாள் விசயமா, நாளைக்கு உங்கட வளவுக்குள்ள வந்து உங்கட கூரைக்குக் கீழ இரிக்கப்போற ஆள். கேளுங்க. நான் ஒண்டும் ஒளிக்க மாட்டன்.

என்னது? பீதாம்பரமா?

அல்லாவே, அதுக்கா யோசிச்சீங்க! சேச்சே, அவன் நிந்தவூர்ல பொறந்த அசல் முஸ்லிம் பொடியன். பள்ளி மோதினார்ர பேரன். ஆலையடிவேம்புத் தமிழ் ஆக்களோட எல்லாம் ஒரு தொடசலும் இல்ல. சின்னப் பிள்ளையள் றோட்டுல அவனக் கண்டு பீதாம்பரம், பீதாம்பரம் எண்டு கத்துறது படத்துப் பேர் காக்கா. நீங்க படம் பாக்கிறதில்ல, உங்களுக்கு விளங்காதுதான். சொல்றன் கேளுங்க, அதுக்குள்ளதான் எல்லாம் இரிக்கு.

போன வருஷம், சூறாவளிக்குப் புறகு வந்த நோன்புப் பெருநாள் இரிக்கில்லியா, அந்தப் பெருநாளுக்கு கல்முனைத் தியேட்டர்ல ஒரு இந்தியாப் படம் போட்டான். கத ஒண்டும் பெரிசா இல்ல. ஒரு நகைக்கடைக்கு ரெண்டு வாச்சர். தடிச்சவன் பீதாம்பரம், மெலிஞ்சவன் ஏகாம்பரம். கள்ளன் வாறான், நான் முதலாளிட மருமகன் எண்டு சொல்றான். ரெண்டு மடயனும் சலூட் அடிச்சி, பெட்டகத்தத் தூக்கி அவன்ட லொறியில ஏத்தி விடுறானுகள். அது மட்டுமா, லொறி போக பீதாம்பரம் நடு றோட்டுல நிண்டு விசில் ஊதி ஆக்கள விலத்தி வழி எடுத்துக் குடுக்கிறான். இப்பிடி நிண்டு, கைய இப்பிடி வெச்சி... பாருங்க, இந்த மாதிரி...

சிரிப்பு வரல்லியா? அதான் காக்கா. நான் செஞ்சா ஒருத்தருக்கும் வராது. இதையே அவன் செஞ்சா நீங்க இந்தக் கதிரயில இரிக்க மாட்டீங்க, விழுந்து கிடப்பீங்க. அவனுக்கு அல்லா அப்பிடி ஒரு முகத்தக் குடுத்திரிக்கான். எனக்கும் முகமெண்டு ஒண்டு இரிக்கு.

படம் முழுக்க ஒரே கூத்துத்தான். பிழ விடுறது பீதாம்பரம், முதலாளிட்ட அற வாங்குறது ஏகாம்பரம். ஒரு கட்டத்துல பீதாம்பரம் நித்திர தூங்கி, ஆபத்துமணிச் சுவிச்சுல சாஞ்சி போறான். மணி அடிக்குது, ஊரே உடுத்தது பாதி உடுக்காதது பாதியா றோட்டுக்கு ஓடி வருது. இந்த இடம் வரக்குள்ள கலரியில இரிந்து ஒருத்தன் கத்தினான், டேய், நம்மட ஜவுபர்டா எண்டு. அவ்வளவுதான் காக்கா. தியேட்டர் இடிஞ்சி விழுற மாதிரிச் சிரிப்பு. படத்தப் பாக்காம எல்லாம் திரும்பி இவனப் பாக்குது. இவன் என்ன செஞ்சான் தெரியுமா? எழும்பி நிண்டு ஒரு சலூட் அடிச்சான். பக்கத்துல நான் இரிக்கன். அதே காக்கிச் சட்ட, மெலிஞ்ச ஆள். ஒரு நாயாவது இவன் ஏகாம்பரம் எண்டு சொல்லிச்சா? சொல்லல்ல. மறுகா நான் தனியாப் போய் ரெண்டு தரம் அந்தப் படத்தப் பாத்தன். அந்த ஏகாம்பரம் நல்லாத்தான் நடிச்சிரிக்கான்.

அண்டையில இரிந்து அவன்ட ராச்சியந்தான். பக்கீர் முகைதீன்ட தேத்தண்ணிக் கடைக்கு ரெண்டு பேரும் போவம். வா பீதாம்பரம் எண்டு அவனுக்குச் சுடச்சுட வரும். எனக்கு ஆடை படிஞ்சி ஆறினது வரும். நெல்லு வண்டில் கொண்டு வாற சாகாமத்து ஆக்கள் கூட, எங்க உங்கட பகிடிக்காரன் எண்டுதான் கேக்கிறது. நான் இஞ்ச நிக்கிறது அவங்கட கண்ணுக்குத் தெரியிறல்ல. வெளியாக்கள விடுங்க. சபூறா, என்ட பெண்சாதி, நான் ஒரு பகிடி சொன்னா உப்பு முடிஞ்சி போச்சு எண்டு சொல்லுவாள். அவன் வந்து வாசல்ல நிண்டு ராத்தா எண்டு கூப்பிட முந்தியே முந்தானையால வாயப் பொத்திருவாள். என்ட மூத்த மகள், அஞ்சு வயசு, அவன்ட சைக்கிள் சத்தம் கேட்டா என்ட மடியில இரிந்து குதிச்சி ஓடும். எனக்கு வயிறு எரியும் காக்கா. பொய் சொல்லி என்ன, எரியும்.

ஓம் ஓம், நோன்பு விசயம். அதத்தானே கேக்க வந்தீங்க. வாறன்.

இந்த மில்லுச் சங்கு உங்கட தறிக்கொட்டில் வரைக்கும் கேக்கும். பள்ளி ஒலிபெருக்கி காத்து மாறினா தூரத்துக்குக் கேக்காது எண்டு, எங்கட முதலாளிட வாப்பாட காலத்துல இரிந்து நோன்புக்கு மட்டும் பொழுது பட பள்ளியில மஃரிபு வாங்கு சொன்ன உடன மில்லுல சங்கு ஊதுற வழக்கம். சங்கு ஊதினா வயலுப் பக்கம், கடக்கரைப் பக்கம் எல்லாம் நோன்பு திறக்கும். ஒருத்தரும் மணி பாக்கிறல்ல. அந்தச் சுவிச்சு இந்தா, இந்தக் கதிரக்குப் பின்னால சுவத்துல இரிக்கு. கேட்டுல நிக்கிற வாச்சர்தான் போடுற.

அண்டைக்கு இருபத்திமூணாம் நோன்பு. சிறுபோக வெட்டு, காலையில இரிந்து வண்டில் மேல வண்டில். பின்னேரம் அஸர் தொழுது போட்டு வந்து கதிரயில இரிந்தா உடம்பு ஒரு சொட்டுச் சொல்லுக் கேக்கல்ல. சாகாமத்துப் பக்கமா மழ இருட்டிக்கிட்டு வருது, குளிர் காத்து வேற. கண் அப்பிடியே போச்சு. கனவுல கோழி ஆணம். ஒரு வெள்ளச் சோறு, அதுல ஆணத்த ஊத்துற நேரம் தூரத்துல ஒலிபெருக்கிச் சத்தம். திடுக்கிட்டு முழிச்சா ஒரே இருட்டு. யா அல்லா, மஃரிபு தப்பிட்டே எண்டு சுவிச்சப் போட்டாச்சு.

ஆ? கனவா? அது... அவன் சொன்னான் காக்கா. எத்தின தரம் சொல்லிட்டான். எனக்குப் பாடம். நான் எங்க நிண்டனா? நான் வீட்ட போயிரிந்தன், சபூறாட்டக் கஞ்சி எடுத்துவர. ஓம், கேத்தலோட.

சங்கு ஊதி முடிஞ்ச புறகுதான் விளங்கினது. ஒலிபெருக்கியில வந்தது வாங்கு இல்ல, மௌத்து அறிவித்தல். ஆரோ ஒரு வயசாளி வருத்தத்துல கிடந்து மௌத்தாப் போனத சொல்லியிரிக்காங்க. மஃரிபுக்கு இன்னும் முக்கா மணித்தியாலம் கிடக்கு! ஆனா என்ன செய்ய, மூணு தெருச் சனம் ஈத்தம்பழத்தக் கடிச்சிப்போட்டு கஞ்சியக் குடிச்சாச்சு. மழ முகில் விலகி வெயில் பளிச்செண்டு அடிக்கிது. குடிச்ச கஞ்சிக் கோப்பையோட ஆக்கள் றோட்டுக்கு வந்து சூரியனப் பாக்கிறாங்க. மௌலவிட்ட ஓடினா, அவரு சொல்லிட்டாரு, இனி வாங்கு வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இரிக்கணும், பெருநாளைக்குப் புறகு அந்த ஒரு நோன்பக் களாச் செய்யணும் எண்டு. மூணு தெருவுக்கும் ஒரு நோன்பு கடன்.

சனம் பொல்லோட வந்திச்சு காக்கா. முதலாளி கத்திக்கிட்டு வந்தாரு. ஆர் சுவிச்சுப் போட்ட எண்டு கேட்டாரு. நான்தான் முதலாளி எண்டு ஜவுபர் முன்னுக்கு வந்தான். அதோட நிண்டானா? எல்லாரும் கோவத்துல கொதிக்கக்குள்ள கையக் கட்டிக்கிட்டுச் சொல்றான், முதலாளி, எனக்கு அரக்கண்ணுல பாக்க சூரியன் விழுந்திட்டு, முழுக்கண்ணத் திறந்தாப் பொறகு எழும்பிட்டு எண்டு. பொல்லோட வந்தவனெல்லாம் சிரிக்கான்! முதலாளிட மீச ஆடுது. ஏசினாரு, நல்லா ஏசினாரு, ஆனா சிரிச்சிக்கிட்டே ஏசினாரு. அந்தக் கிழம பெருநாள் வந்து, படமும் வந்து, ஆள் பீதாம்பரமாயிட்டான்.

நீங்க சிரிக்கல்ல. ஓம், விளங்குது.

நாப்பத்தொரு வருஷமா? ஒரு நோன்பு விடாமலா? காய்ச்சலோடயும்? அல்லாவே. அண்டைக்கு அந்த ஒண்டுதான் உங்கட கைய விட்டுப் போனதா. எனக்குத் தெரியாது காக்கா. மூணு தெரு எண்டு தெரியும், அதுக்குள்ள நீங்க இரிந்தது தெரியாது.

எழும்பாதீங்க. ஏன் எழும்புறீங்க? போதும் எண்டா என்ன போதும்? நோன்போட கடமைய விட்டுப்போட்டு நித்திர கொள்றவனுக்கு, ஊர் நோன்பக் கெடுத்துப்போட்டுப் பகிடி விடுறவனுக்குப் பொண்ணக் குடுக்க மாட்டீங்க. சரி. நியாயந்தான். அவன்ட வீட்டுக்கு இண்டைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிருவீங்க. நானும் இத்தின நேரமா அதுக்குத்தானே வழி எடுத்துக் குடுத்துக்கிட்டு இரிக்கன், விசில் ஊதாத குறதான்.

கொஞ்சம் நில்லுங்க காக்கா. ஒண்டு சொல்லோணும்.

உங்கட வளவுக்கு முன்னால போற றோட்டுல அவன் சைக்கிள் மணி அடிக்கிறதில்ல. மத்த எல்லாத் தெருவுலயும் சும்மா சும்மா அடிச்சிக்கிட்டுப் போவான். அந்த ஒரு றோட்டுல மட்டும் தலையக் குனிஞ்சிக்கிட்டு, பள்ளிக்குப் போறவன் மாதிரிப் போவான். ஒரு நாள் ஏன்டா எண்டு கேட்டன். அங்க என்னப் பகிடிக்காரன் எண்டு நினைச்சிரக் கூடா காலிதீன் நானா எண்டான். நதீராட பேர் அவன்ட வாயில வந்ததில்ல, அது நான் வல்லாஹி எண்டு சொல்லுவன்.

நேத்துப் பின்னேரம் அவன் வந்தான். நானா, நாளைக்கு பதியுதீன் காக்கா வருவாரு, சங்கு விசயம் கேப்பாரு, ஜவுபர்தான் எண்டே சொல்லுங்க, மாத்திறாதீங்க எண்டான். அந்த ஒண்டுக்காக அவரு வேணாமெண்டு சொல்லுவாரேடா எண்டன். சொன்னாச் சொல்லட்டும், உங்களுக்கு ராத்தாவும் பிள்ளையளும் இரிக்கு, எனக்கு வேற இடம் பாப்பம் எண்டு சிரிச்சான். வாய்தான் சிரிச்சிது. எனக்கு வந்த கோவம் இரிக்கே காக்கா! ராவு முழுக்க உருண்டு கிடந்தன். எல்லாத்துலயும் நீயாடா முன்னுக்கு? பேர் உனக்கு, சிரிப்பு உனக்கு, என்ட பிள்ளையும் உன்ட மடியில. இப்ப நல்லவன் எண்ட பட்டமும் உனக்கேயா? எனக்கு ஒண்டும் மிச்சம் வைக்க மாட்டியா எண்டு.

சபூறாவுக்குத் தெரியும். அவள்ட கையில கஞ்சி வாங்கக் கேத்தலோட அண்டைக்கு வந்து நிண்டது அவன்தானே.

ஓம் காக்கா. நித்திர கொண்டது நான். சுவிச்சப் போட்டது நான். அதுக்கு முந்தின மாசம் நான் கண்ணசந்த நேரம் மாடு வந்து களத்துல காயப்போட்ட நெல்லத் திண்டிட்டு, இன்னொருக்காக் கண்டா வேலையில்ல எண்டு முதலாளி சொல்லியிரிந்தாரு. அது அவனுக்குத் தெரியும். கேத்தலக் கீழ வெச்சிட்டு முன்னுக்கு வந்து, நான்தான் எண்டான். நான் வாயத் திறக்கல்ல. ஊர் சிரிக்கக்குள்ளயும் திறக்கல்ல, தியேட்டர்லயும் திறக்கல்ல. உங்கட நாப்பத்தொரு வருஷத்த ஒடச்சது அவன் இல்ல.

இப்ப உங்கட மகள்ட விசயம், நீங்க யோசிங்க. முதலாளி உள்ளதான் இரிக்காரு, கணக்குப்பிள்ளையோட. நீங்க இஞ்சயே இருங்க, அவன்ட கதிரயில, ஆடாது. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். மூணு மணிக்கு அவன் வேலைக்கு வந்திருவான் காக்கா, வந்தா இதையும் தடுத்திருவான்.