ஹரித்துவார ஏட்டில் ஒரு மகளின் கையெழுத்து

அவைக்குத் தலைமை தாங்கி அழகு சேர்க்கின்ற பெருமதிப்புக்குரிய குலசிங்கம் ஐயா அவர்களே! கொட்டும் கனடாப் பனியையும் பொருட்படுத்தாமல் ரூஜிலிருந்தும் அஜக்ஸிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கின்ற மூத்தோர்களே! விடியமுன் எழுந்து இத்தனை பேருக்கும் வடை சுட்டுக் கொண்டுவந்த தாய்மார்களே! தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காது கொடுத்திருக்கின்ற இளையோரே! எல்லோருக்கும் நவரட்ணத்தின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

வந்த வழியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் உங்களை இமயமலைக்கு அழைத்துப் போகப் போகிறேன்.

பின்னுக்கு யார் அது? "உங்களுக்கும் இமயமலைக்கும் என்ன அண்ணை சம்பந்தம்?" என்று கேட்கிறார். பொறுங்கோ, சொல்லுறன்.

அஜக்ஸில் என் அடுத்த வீட்டுக்காரர் ஹிம்மத் சிங் தல்கோட்டி. இமயத்தின் மடியில், கர்வால் என்னும் மலைநாட்டில் பிறந்தவர். ஒரே வேலியின் இருபுறமும் பதினாறு ஆண்டுகள் பனி அள்ளியவர்கள் நாங்கள். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவர் வந்து நிற்கும் இடம் ஒன்றே ஒன்று: குலம்! "ராஜஸ்தானத்துச் சித்தூர்க் கோட்டை விழுந்தபோது வாளோடு வடக்கே ஏறிய ஏழு சகோதரர்களின் வழி நாங்கள், நவரட்ணம். சுத்த ராஜபுத்திரர். மலையில் தங்களை ராஜபுத்திரர் என்று சொல்லிக்கொள்ளும் மற்றப் பலர் வெறும் கஸ்" என்பார். கஸ் என்றால், நெடுங்காலமாக அந்த மலையிலேயே உழுதும் மேய்த்தும் வாழ்ந்த மக்கள்.

அவருடைய ஒரே மகள் கிரண், தினேஷ் என்ற பிள்ளையை விரும்பினாள். நல்ல படிப்பு, நல்ல வேலை, நல்ல குணம். ஆனால் கஸ் குடும்பம். தகப்பன் திருமணத்துக்குப் போகவில்லை. சுவரில் இருந்த மகளின் படத்தையும் கழற்றினார். மகள் குடியிருந்தது எங்கே? விட்பியில்! 401 நெடுஞ்சாலையில் ஏறினால் கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தைக் கடக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் போதவில்லை, ஐயா! ஏழு ஆண்டுகள் போதவில்லை!

சென்ற ஐப்பசியில், "வா, எங்கள் வம்சத்தைக் கண்ணால் பார்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஹரித்துவாரம் போனார். அங்கே கங்கைக் கரையில் பண்டாக்கள் இருக்கிறார்கள். தங்களை நாடி வரும் குடும்பங்களின் பிறப்பையும் இறப்பையும் தலைமுறை தலைமுறையாக நீண்ட ஏடுகளில் எழுதிக் காப்பவர்கள். தல்கோட்டிகளின் பண்டா சிவப்புத் துணியை அவிழ்த்து வாசித்தார்: "சித்தூரிலிருந்து வந்த ராஜபுத்திரர். எழுதுவித்தவர் ராம் சிங், பட்டாளத்துச் சிப்பாய்." ராம் சிங் இவருடைய பூட்டனார். ஹிம்மத் சிங் என் தொடையில் தட்டினார். "கேட்டாயா? இன்னும் பின்னுக்குப் போங்கள், பண்டாஜி!"

பண்டா தயங்கினார். "பின்னுக்கு அப்படி இல்லை."

"எப்படி இருக்கிறது?"

ராம் சிங்கின் தகப்பன் எழுதுவித்த வரி இது: "நாங்கள் தல்கோட்டுக் கஸ். இந்த மலையே எங்கள் ஊர். வேறெங்கிருந்தும் வரவில்லை."

சபையோரே, மெய்யாகவே சமவெளியிலிருந்து மலையேறிய குலங்களும் உண்டு. இவர்கள் ஏறவில்லை! வாளும் இல்லை, ஏழு சகோதரரும் இல்லை. பட்டாளத்தில் மதிப்பு வேண்டி ஒரு மனிதர் மாற்றிச் சொன்ன ஒற்றை வரி. அந்த வரிக்காகவா ஒரு மகளைத் தொலைத்தார்?

அதிர்ச்சி அத்தோடு முடிந்ததா? பண்டா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "மூன்று வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய பக்கங்களையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதைத் தன் கையாலேயே எழுதினாள்."

எனக்கு இந்தி வாசிக்கத் தெரியாது. ஹிம்மத் சிங்தான் வாசித்தார். "கிரண். ஹிம்மத் சிங்கின் மகள். என் மகன் மூன்று நாள் வாழ்ந்தான். அவனும் இந்தக் குடும்பத்தவன்."

அவர் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "மூன்று நாளா?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார், "மூன்று நாளா, நவரட்ணம்? அந்த மூன்று நாளும் நான் அஜக்ஸில்தானே இருந்தேன்?" கங்கை இரைந்துகொண்டிருந்தது.

விமான நிலையத்திலிருந்து நேரே விட்பிக்குத்தான் காரை விட்டேன். கதவைத் திறந்தவள் கிரண். "ஏட்டைப் பார்த்தேன் மகளே, நாமும் கஸ்தான்" என்றார் தகப்பன்.

"எனக்கு மூன்று வருடமாகத் தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பீர்கள். ஏட்டுக்காக வந்திருப்பீர்கள், அப்பா. எனக்காக வருவீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

தினேஷ்தான் வந்து மாமனாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். மன்னித்தேன் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. இவர் ஞாயிறுதோறும் போகிறார். சில ஞாயிறு பேசுவாள், சில ஞாயிறு பேசமாட்டாள்.

இதைக் கேட்டு "சீ, என்ன மனிசன்!" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு என் வீட்டு மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தேன்.

நம் ஊர்க் குடும்பங்களின் வரலாற்றைத் திரட்டி நம் சங்கம் அச்சிடவிருக்கின்ற குடிவழி மலருக்கு நான்தானே தொகுப்பாசிரியன்? ஊரின் கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் பத்தொன்பதைச் சேர்க்காமல் விட்டது யார்? நான்! "போதிய தகவல் இல்லை" என்று எழுதியது யார்? நான்! அது பொய், சபையோரே, பச்சைப் பொய்! அதோ இருக்கிறார் மக்டலீன் அன்ரி. மூன்று முறை விவரம் அனுப்பினார். "அன்ரி, உங்கட ஆக்கள் ஊருக்குப் பிறகு வந்த ஆக்கள்தானே?" என்று தொலைபேசியில் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, நீங்கள் எப்ப வந்தனீங்கள்?" நான் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு!

தலைவர் அவர்களே, அந்தப் பிரதி அச்சுக்குப் போகாது. என்னை நீக்குவதானால் நீக்குங்கள். ஆனால் பத்தொன்பது குடும்பமும் ஏறாமல் ஒரு தாளும் அச்சேறக் கூடாது! எவர் முந்தி, எவர் பிந்தி என்று பிரிக்கும் பேனாவை நான் இனித் தொடமாட்டேன்!

கைதட்டாதேயுங்கோ. இது கைதட்டுற விஷயமில்லை.

மக்டலீன் அன்ரி எழும்புகிறார். சொல்லுங்கோ அன்ரி... "இப்பவே எழுதுங்கோ தம்பி. இஞ்ச, எல்லாருக்கும் முன்னால." ஓம் அன்ரி, எழுதுறன். இதோ பேனா. முதல் வீட்டுப் பெயர் சொல்லுங்கோ... செபமாலை. எழுதிவிட்டேன். அடுத்தது... வியாகுலம். எழுதிவிட்டேன்.

மன்னியுங்கள், சபையோரே. இன்னும் பதினேழு வீடுகள் இருக்கின்றன. பேச்சை இங்கே விட்டுவிட்டு அவற்றை எழுதப் போகிறேன். பொறுமையோடு கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.