ஆசிரியர் அறை வாசல் தாண்டாத மன்னருக்கு

சங்கரன்கோவில் தந்த சரித்திரச் சிங்கமே! தேம்ஸ் நதியைக் கண்ணால் பாராமலே அதன் ஆழம் சொன்ன தென்பாண்டித் திலகமே! கரும்பலகையில் காமன்ஸ் சபையைக் கட்டிக் காட்டிய கலைச்சிற்பியே! இன்று ஓய்வுபெறும் எங்கள் தலைமையாசிரியர் உயர்திரு சண்முகையா எம்.ஏ., பி.டி. அவர்களே! வணக்கம், வணக்கம்!

சபையோரே, ஐயாவின் அருமை ஐயாவுக்கே தெரியாது. ஆகவே உங்களிடம் சொல்லுகிறோம்.

பிரிட்டிஷ் அரசியலை ஐயா பாடமாக மட்டுமா நடத்தினார்? பள்ளிக்கூடத்தையே அப்படித்தான் நடத்தினார்! ஆள்வது தாளாளர், தலைமையாசிரியர் ராணியம்மாள் மாதிரி. கேட்டால் யோசனை சொல்லலாம், தட்டிக்கொடுக்கலாம், எச்சரிக்கலாம், அம்புட்டுத்தான் அதிகாரம். தாளாளர் உத்தரவு எதுவானாலும் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போடுவார். "சட்டத்துக்கு ராசா ராணி ஒப்புதல் மறுத்து இருநூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு வே! நான் மட்டும் மறுக்கவா?" என்பார். எழுபத்துநாலில் லண்டனில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்றதும், ரேடியோவைக் காதோடு அணைத்து, "பாவம், ஆட்சி அமைக்க ராணி யாரைக் கூப்பிடுவா?" என்று தவித்தார். அவர் வீட்டம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. பட்டதாரிகள் நாற்காலிக் கட்சி, தலைவர் துரைப்பாண்டி. இடைநிலை ஆசிரியர்கள் பெஞ்சுக் கட்சி, தலைவர் செல்லச்சாமி. மேசை விசிறி எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்கூட அடிதடி வரும். ஆயா இசக்கித்தாய் கொண்டுவரும் டீ ஒன்றில்தான் ஒற்றுமை.

ஐயா மட்டும் அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை. மக்கள் பிரதிநிதிகள் கூடும் காமன்ஸ் சபைக்குள் முடிசூடியவர் நுழைவதில்லை என்பது அந்த ஊர் வழக்கமாம்! வாசலில் நின்று ஒரு செருமல். வந்த சேதியைச் சொல்லித் திரும்பிவிடுவார். அவருக்கு டீ, பக்கத்து அறைக்கு வெள்ளித் தம்ளரில் தனியே போகும். ராஜ மரியாதை என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். கூறுகெட்டவர்கள்!

போன வாரம் பிரிவுப் பரிசுக்கு வாக்கெடுத்தோம். நாற்காலிக் கட்சி கைக்கடிகாரம் என்றது; பெஞ்சுக் கட்சி சாய்வு நாற்காலி என்றது. சரிக்குச் சரி! பெரும்பான்மை இல்லாவிட்டால் மன்னர்தானே கதி? அழைத்தோம். வாசலில் வந்து நின்றார், செருமினார். பிறகு, "ரெண்டும் வேண்டாம் வே. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒத்தையில உக்காந்து டீ குடிக்கேன். நீங்க சிரிக்கிற சத்தம் தெனமும் கேக்கும். எதுக்குச் சிரிக்கீயன்னுதான் தெரியாது" என்றார்.

இரு கட்சியும் எழுந்து நின்றோம். இசக்கித்தாய்தான், "அதுக்கென்ன சார், உள்ள வாங்க" என்றாள். ஐயா வாசற்படியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் நான் ஹெட்மாஸ்டர்லா?" என்று திரும்பிப் போய்விட்டார்.

ஐயா! இன்று வெள்ளிக்கிழமை. இந்த மடல் முடிந்ததும் கடைசி மணி அடிக்கும். அதன்பின் முடியும் இல்லை, தடையும் இல்லை. தங்களை நாற்காலியில் அமர்த்துவதா பெஞ்சிலா என்று இரு கட்சியும் மல்லுக்கு நிற்கின்றன. அதைத் தாங்களே தீர்க்கலாம். வெள்ளித் தம்ளர் கிடையாது, எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ்தான்.

எதற்குச் சிரித்தோம் என்றா கேட்டீர்கள்? செல்லச்சாமி தினமும் வாசலில் நின்று தங்களைப் போலவே செருமிக் காட்டுவார். இனி அசல் உள்ளே இருக்க நகல் எதற்கு?

கோமதியம்மன் அருளால் அந்தச் செருமல் நோய்நொடியின்றி நூறாண்டு ஒலிக்கட்டும். வாருங்கள் ஐயா, டீ ஆறுகிறது!

முதல்முறையாக ஒருமனதாக,
நாற்காலிக் கட்சியார், பெஞ்சுக் கட்சியார்,
இசக்கித்தாய் (கைநாட்டு)
சங்கரன்கோவில், 1981