கண்டக்டர் அசையாமல் உட்கார்ந்த நாள்

நல்ல நாற்காலி சார் இது. முதுகு நேராக நிற்கிறது, கை வைக்க இடம் இருக்கிறது. நாற்காலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் ஊர்க் கலைக்கூடத்தில் படம் வரைகிற வகுப்புக்கு உட்கார்ந்து கொடுப்பவன் நான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூடத்து நடுவில் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் நாற்காலி. அதில் அசையாமல் இருக்க வேண்டும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் பார்த்துப் பார்த்து வரைவார்கள்.

அதற்கு முன்னால் லாரி எடைமேடையில் இருந்தேன். படிப்பு கிடையாது. டிரைவர் ஒரு எடை சொல்வான், சரக்குக்காரன் ஒரு எடை சொல்வான், நான் இரண்டு பேரையும் நம்பாமல் முள்ளைப் பார்ப்பேன். ஆயுசு முழுக்க அப்படிப் பழகியவனுக்கு, எவன் வாயைத் திறந்தாலும் சந்தேகம்தான். அதனால்தான் என்னோடு யாரும் ஒட்டுவதில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

நீங்கள் சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. வயசானவனை யாரும் பார்ப்பதில்லை. கடைக்காரன் காசைப் பார்க்கிறான். டாக்டர் சீட்டைப் பார்க்கிறார். மகள் முகம் தெரிகிற மாதிரி போனில் கூப்பிடுவாள், ஆனால் கண் கீழே இருக்கும். காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கலைக்கூடத்தில் அப்படி இல்லை. என் காது மடலை ஒரு பெண் பென்சிலை நீட்டி அளப்பாள். என் கழுத்துச் சுருக்கம் சரியாக வரவில்லை என்று ஒருவர் அழித்து அழித்துப் போடுவார். கட்டின மனைவிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கண்டக்டரை அங்கே அனுப்பியது நான்தான். பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். பக்கத்து வீடு, தனி ஆள். எனக்கிருந்த ஒரே சிநேகிதர். மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்குப் பதிலாகப் போய் உட்காரச் சொன்னேன். திரும்பி வந்தவர் வாசலில் நின்றே சிரித்தார்.

"யோவ், என்னய்யா இது, சும்மா உக்காந்ததுக்கு டீ குடுக்கறாங்க, பிஸ்கட் குடுக்கறாங்க. இதையா இத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"அசையாம உக்காந்தியா?"

"எங்க? பழக்கதோசம். நடுவுல எழுந்து 'உள்ள போங்க, படியில நிக்காதீங்க'ன்னு சொல்லிட்டேன். பூராப் பேரும் சிரிச்சிட்டாங்க."

பூராப் பேரும் சிரித்தார்கள் என்பதை நான் மனசில் போட்டுக்கொண்டேன். என் முன்னால் அவர்கள் சிரித்ததில்லை.

காய்ச்சல் விட்டதும் நான் அங்கே போனால், பெட்டிமேல் அவர்தான் உட்கார்ந்திருந்தார். வகுப்பு எடுக்கிற டீச்சர் என்னை ஓரமாக அழைத்துப் போய் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க தாத்தா. உங்களை எல்லாரும் வருசக்கணக்கா வரைஞ்சாச்சு. உங்க முகம் எங்களுக்கு மனப்பாடம். வருசக் கடைசிக் கண்காட்சிக்குப் புது முகம் இருந்தா நல்லாருக்கும்னு பாத்தேன்."

"அப்ப நான்?"

"நீங்க எப்ப வேணா வாங்க தாத்தா. இங்க டீ போடக்கூட ஆள் இல்லாம இருக்கோம்."

மனப்பாடமான முகத்தை யார் பார்ப்பார்கள்? டீ போட்டேன். வாங்கினவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள்.

கண்டக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டு வாங்கியதில்லை அந்த இடத்தை.

வருசக் கடைசியில் கலைக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மாடியில் நடனப் பிள்ளைகள் குதிக்கிற குதியில் கீழே சுண்ணாம்பு உதிரும். நாடகக்காரர்கள் அட்டையில் கோட்டை கட்டி வழியை அடைத்துவிடுவார்கள். வகுப்புப் படங்களுக்குச் சட்டம் போட்டு நீளச் சுவரில் மாட்டுவார்கள். போன வருசம்வரை அந்தச் சுவர் முழுக்க நான். இந்த வருசம் கண்டக்டர் சிரிக்கிறார், கண்டக்டர் யோசிக்கிறார், கண்டக்டர் மூக்கைச் சொறிகிறார். திறப்பு விழா அன்று சாயங்காலம், வந்தவர்கள் முன்னால் வைத்தே வரைவது என்று புதிதாக ஒரு ஏற்பாடு. அதற்கும் அவர்தான்.

அவர் அசைகிறார் என்பது ஒன்றுதான் டீச்சருக்குக் குறை. நான் பழக்கிவிடுகிறேன் என்றேன். எல்லோருக்கும் சந்தோசம். பெருந்தன்மை என்று யாரோ சொன்னார்கள்.

அவருக்கு நெஞ்சுக் கோளாறு இருந்தது எனக்குத் தெரியும். சட்டைப் பையில் சின்ன டப்பா வைத்திருப்பார். நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. என் வீட்டில் டீ குடிக்கும்போதே போட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார்.

என் வீட்டில் வைத்துத்தான் பழக்கினேன்.

"முதல்ல கால் மரக்கும். அப்புறம் நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். இடது கை கனக்கும், வேர்க்கும். பயப்படாதே. இந்த நாற்காலியில உக்கார்ற எல்லாருக்கும் வர்றதுதான். பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தா தானா விட்டுடும்."

"உனக்கும் வந்திருக்கா?"

"எத்தனையோ தடவை."

எனக்குக் கால் மரத்திருக்கிறது. மற்றதெல்லாம் வந்ததில்லை.

"சரி, கண்ணை எங்கய்யா வெச்சுக்கறது?"

"நான் எதிர்ச் சுவரோரமா நிக்கறேன். என்னையே பாத்துக்கிட்டு இரு. எழுந்திருக்கலாம்னா நான் தலையாட்டுவேன். அதுவரைக்கும் அசையாதே."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இத்தனை வருசம் நான் விசில் குடுத்தாத்தான் வண்டி நகரும். இப்ப நீ கண்டக்டரு, நான் வண்டியா? சரி, பாப்போம்யா."

திறப்பு விழா அன்றைக்கு நாடகக்காரர்களின் கனத்த கோட்டு ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டார்கள். அவர் சட்டையைப் பக்கத்து அறையில் நான்தான் மடித்து வைத்தேன். கூடம் நிறைய ஜனம். பெட்டியைச் சுற்றி வரைகிறவர்கள். நான் சொன்ன இடத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

நன்றாகத்தான் இருந்தார். பிறகு நெற்றி மினுங்கியது. இடது கை நாற்காலிக் கட்டையை இறுக்கிப் பிடித்தது. கண் என்னைக் கேட்டது. நான் உள்ளங்கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன், பொறு என்கிற மாதிரி. அவர் பொறுத்தார். நல்ல மனிதர், சொன்னதை நம்புகிற மனிதர். எடைமேடைக்கு வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்கமாட்டார்.

"பெரியவர் உக்காந்திருக்கறதைப் பாருங்க, செதுக்கி வெச்ச மாதிரி" என்று என் பக்கத்தில் ஒரு அம்மா சொன்னார். டீச்சர் என்னிடம் வந்து, "எல்லாம் உங்க புண்ணியம் தாத்தா" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கண்டக்டர் மறுபடியும் கேட்டார். கண்ணால்தான். அந்தக் கூடத்தில் அத்தனை பேர் இருக்க, என்னைத் தவிர வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை. என்னை அப்படி ஒருத்தரும் பார்த்ததில்லை சார், இனியும் பார்க்கப் போவதில்லை. நான் கையைக் கீழே போடவில்லை.

உயிரோடு அசையாமல் இருப்பது வேறு. இமை அடிக்கும், தொண்டைக்குழி ஏறி இறங்கும். அது நின்றதை நான் பார்த்தேன். கோட்டுக் காலரும் நாற்காலி முதுகும் அவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டன. மற்றவர்கள் வரைந்துகொண்டே இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கோட்டு மடிப்பை வரைகிறவருக்குக் கோட்டு மடிப்புத்தான் தெரியும். விழாவுக்கு வந்த பெரிய மனிதர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அப்போது நான் தலையாட்டினேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

என்னைப் பிடித்தபோது என் இடுப்பு மடிப்பிலிருந்து அந்த மாத்திரை டப்பாவை எடுத்தீர்கள். தொலைந்துவிடக் கூடாது என்று எடுத்து வைத்தேன் என்று காலையில் சொன்னேன். அது வேண்டாம், அடித்துவிடுங்கள். சட்டையை மடிக்கும்போது தெரிந்துதான் எடுத்தேன். அவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அசையாதே என்று நான் சொல்லியிருந்ததால் அவர் கேட்கவில்லை.

அவர் போன நாளிலிருந்து பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதில்லை. சாயங்காலம் கை தன்னால் இரண்டு டம்ளரை எடுத்துவிடுகிறது. ஒன்றைத் திருப்பி வைத்துவிடுவேன்.

மேசையில் நீங்கள் விரித்து வைத்திருக்கிற அந்தப் படம், கடைசியில் வந்த பெண் போட்டது. இடம் கிடைக்காமல் நாற்காலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அவர் பின்னந்தலையைப் போட்டு, அவர் எதைப் பார்க்கிறாரோ அதைப் போட்டிருக்கிறாள். சுவரோரம் ஒரு கிழவன், கையைத் தூக்கியபடி. சட்டைப் பையில் டப்பா இல்லாததையும் இந்தக் கையையும் சேர்த்து வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள். இங்கிருந்து எனக்குத் தலைகீழாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் காது மடல் நன்றாக வந்திருக்கிறது.

கையெழுத்துப் போடத் தெரியும், கொண்டு வாருங்கள். வழக்கு முடிந்த பிறகு அந்தப் படத்தை மட்டும் கலைக்கூடத்துச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள் சார். இந்த வருசம் வரைந்ததில் நான் இருப்பது அது ஒன்றுதான்.