உள்ளங்கையில் ஒரு விரல்

நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவன் தனியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும், ஞாபகம் இருக்கட்டும். இது என் நண்பனுடைய மைத்துனனுக்கு நடந்தது.

இரவு இரண்டு பத்து. புறவழிச்சாலை. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. அப்பாவை அடக்கம் செய்து மூன்று நாள். தனியாகக் காரில் வருகிறான். பின்சீட்டில் ஒரு சத்தம். புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக்.

அது அவனுக்குத் தெரிந்த சத்தம். அப்பாவின் தொண்டையில் ஓட்டை போட்டு மாட்டியிருந்த மூச்சு மெஷின். இனிப் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் பத்தாம் நாளே சொல்லிவிட்டார். பெரியவருக்குப் பேச்சில்லை, நினைவு மட்டும் இருந்தது. மகன் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் எழுதுவார். போ... து... ம்.

நர்ஸ் எடுத்துச் சொன்னால், "மருந்து மயக்கத்துல கிறுக்குறாரு" என்பான். டாக்டர் கேட்டால், "இன்னும் ஒரு நாள் பாக்கலாம். நாளைக்கு சொந்தக்காரங்க என்னைத்தானே பேசுவாங்க?" என்பான். முதுகெல்லாம் படுக்கைப்புண் வந்து, எலும்பு தெரிந்து, அறையே நாறியது. இவன் சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, 'அப்பா போராடுகிறார்' என்று படம் எடுத்துப் போட்டான். பாசமாம்! தூ... சொல்லும்போதே குமட்டுகிறது. அறுபத்துமூன்றாம் நாள் இதயம் தானாகவே நின்றது.

அந்தச் சத்தம்தான் இப்போது காருக்குள். கூடவே அந்தப் புண் நாற்றம். ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. கியர் மேலிருந்த இடது கையை ஏதோ மெல்லத் திருப்பியது... சில்லென்று ஒரு விரல். போதும் என்றுதான் எழுதும் என்று நினைத்தான்.

இல்லை.

இன்னும்... ஒரு... நாள்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு பத்துக்கு வருகிறதாம். விரல் போன தடமெல்லாம் புண். போன வாரம் நண்பன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். உள்ளங்கையில் எலும்பு தெரிகிறது. "போதும் டாக்டர், கையை வெட்டி எடுத்துடுங்க" என்று கதறிக்கொண்டிருந்தானாம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மகன். மூக்கில் கைக்குட்டை.

"வலியில உளர்றாரு. இன்னும் ஒரு நாள் பாக்கலாம் டாக்டர்."